தோற்றவர் வீட்டு விருந்தாளி

மகளின் கல்யாணத்துக்கு அழைக்கத்தான் நான் இந்தியாவுக்குப் போனேன். எங்கள் ஊர் கொழும்புக்கு வடக்கே ஒரு சிறிய பட்டணம். உம்மா பிறந்தது மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரம் மாவட்டத்தில். உம்மாவின் தமக்கை மகள் ஜமீலா இன்னும் அங்கேதான் இருக்கிறார். “நேர்ல வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்” என்று போனில் சொல்லிவிட்டார். கொரோனா என்ற சொல் எங்கள் காதுக்கு எட்டுவதற்குச் சில வாரங்கள் முந்தைய கதை இது.

அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. பெரியபட்டினத்துக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவே கடலோரத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். நான் எழுதப்போகிறவர்கள் இன்னும் அங்கே ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்.

எங்கள் நாட்டில் நாங்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். அங்கே போய் ஜமீலாவை அப்படிக் கூப்பிட்டால் தெருவே சிரிக்கும். அதனால் விமானத்தை விட்டு இறங்கும்போதே அவர்கள் அக்காவுக்குச் சொல்லும் லாத்தா, லாத்தா என்று நாக்கைப் பழக்கிக்கொண்டேன்.

இராமநாதபுரத்தில் ஏறிய பஸ் பாதி வழியில் பஞ்சராகி நின்றது. நடத்துநர் எங்களை இறக்கி ஒரு கருவேல மரத்தடியில் நிற்கச் சொன்னார். நிழல் என்று சொல்ல அந்த மரத்தில் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு மீனவர் வாளி நிறைய நண்டுடன் நின்றார். யார் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

“பிரசிடெண்டம்மா வீட்டுக்கா? காலையிலதான் ஓட்டு எண்ணி முடிச்சாங்க. தோத்துட்டாங்களேம்மா.”

திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. லாத்தா தேர்தலில் நிற்பது தெரியும். முன்பு ஒருமுறை ஐந்து வருஷம் ஊராட்சித் தலைவராக இருந்தவர். அப்புறம் சில வருஷம் தேர்தலே நடக்கவில்லை. அதிகாரி ஒருவர் பொறுப்பில் இருந்தார். அப்போதும் எந்தக் காரியம் என்றாலும் ஊர் லாத்தா வாசலுக்குத்தான் வந்ததாம். இந்த முறையும் ஜெயித்துவிடுவார் என்று நினைத்துத்தான் நான் புறப்பட்டிருந்தேன்.

அப்படித் தோன்றியது அவர் தோற்றதற்காக மட்டும் அல்ல. எங்கள் பட்டணத்தில் தேர்தல் முடிவு வரும் நாளில் கடைக்காரர்கள் சரக்கை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். எந்தக் கட்சி வென்றாலும் தோற்ற கட்சிக்காரன் வீட்டு ஓட்டில் கல் விழும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், வாப்பா தன் துணிக்கடையின் மாடியை ஒரு கட்சிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்தக் கட்சி தோற்றது. அன்று பின்னேரமே கடையைக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்களில் பாதிப் பேர் வாப்பாவிடம் பெருநாளுக்கும் சித்திரை வருஷத்துக்கும் துணி எடுத்தவர்கள். சாகும்வரை வாப்பாவுக்கு விளங்காமல் போனது அது ஒன்றுதான்.

“இண்டைக்கு அந்த வீட்டுக்குப் போகலாமா?” என்று மீனவரைக் கேட்டேன்.

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. “ஏன்மா, தோத்தா சோறு போடமாட்டாங்களா?” என்றார்.

சோறு போட்டார்கள். நான் படியேறும்போது லாத்தா அடுப்படியில் நின்று கணவாய் வதக்கிக்கொண்டிருந்தார். “வா ஃபரீதா. தோத்துட்டேன், கேள்விப்பட்டியா? கையக் கழுவு” என்றார். கணவாய், நெத்திலிக் குழம்பு, தேங்காய்ச் சோறு. இலங்கையில் நாங்கள் எல்லாவற்றுக்கும் தேங்காய்ப்பால் ஊற்றுவோம். குழம்பு என்றால் இவர்கள் புளியை நம்புகிறார்கள். கடைசியில் இனிப்புக்கு ஒரு துண்டு தொதல் வந்தது. கறுப்பாக, நெய் மினுங்க, அச்சு அசலாக எங்கள் வீட்டுத் தொதல்.

கூடத்தில் லாத்தாவின் கொழுந்தன் சிக்கந்தர் உட்கார்ந்திருந்தார். சவூதியில் பல வருஷம் உழைத்துவிட்டு வந்து சொந்தமாகப் படகு வாங்கியவர். லாத்தாவின் கணவர் காலமான பிறகு அந்த வீட்டுக்கு வெளிவேலையெல்லாம் அவர்தான். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“நூறு ஓட்டுகூட வித்தியாசமில்ல மதினி. மறுபடி எண்ணச் சொல்லிருக்கணும்.”

“எண்ணுனாங்கல்ல. ரெண்டு தரம் எண்ணுனாங்க. அப்பவும் காளீஸ்வரிதான்.”

காளீஸ்வரி பக்கத்துத் தெருக்காரர். உப்பளத்தில் வேலை செய்தவர், பிறகு மகளிர் குழுத் தலைவி. அவரைப் பற்றி லாத்தா அன்று மத்தியானம் எனக்குச் சொன்ன ஒரு விஷயம் முக்கியம். நானும் லாத்தாவும் சின்னப் பெண்களாக இருந்தபோது நடந்த ஒரு பஞ்சாயத்துத் தேர்தலில், இரண்டு தெருக்காரர்களும் வாக்குச்சாவடி வாசலில் கட்டிப் புரண்டார்கள். காளீஸ்வரியின் அப்பா அதில் அடிபட்டுச் செத்துப்போனார். யார் அடித்தது என்று சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. கூட்டத்தில் தவறி விழுந்துவிட்டார் என்று முடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் இந்தத் தெருப் படகுகள் எரிந்தன. அதற்கும் சாட்சி இல்லை. லாத்தா தலைவரான பிறகுதான் இரண்டு தெருவும் ஒரே பஸ் நிறுத்தத்தில் நிற்கத் தொடங்கியதாம்.

பொழுது சாயும் நேரம், காய்ந்த துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். மேளச் சத்தம் கேட்டது. காளீஸ்வரியின் வெற்றி ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. அவர் கழுத்தில் ரோஜா மாலை. கூடவே முருகேசன், அவருடைய தம்பி, நாற்பது வயதிருக்கும், ஊரில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். லாத்தா வீட்டைத் தாண்டியதும் அவர் ஒரு சோடாப் பாட்டிலைத் தரையில் நிறுத்தி அதில் ராக்கெட் வெடியைச் செருகிப் பற்றவைத்தார். பின்னால் ஆடிக்கொண்டு வந்த ஒருவரின் கால் பட்டுப் பாட்டில் சாய்ந்தது. முருகேசன் அதைப் பிடிக்கப் பாய்ந்தார். அதற்குள் ராக்கெட் தரையோடு சீறிப்போய், வீட்டை ஒட்டியிருந்த சிக்கந்தரின் கீற்றுக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டது. உள்ளே வலைகளும் படகு இன்ஜினும் இருந்தன.

காய்ந்த கீற்று எப்படி எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. துணிக்கடை எரிந்த பின்னேரம் உம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது போல, நானே என் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். எங்கள் தெரு ஆண்கள் கம்பும் கடப்பாரையுமாக ஓடிவந்தார்கள். “கொளுத்திட்டாங்கடா” என்று யாரோ கத்தினார்கள். மேளம் நின்றது.

அப்போது லாத்தா தலையில் முக்காடு கூட இல்லாமல் வெளியே வந்தார். “கம்பக் கீழ போட்டுட்டு மண்ண அள்ளுங்கடா” என்றார். இரண்டு தரம் சொன்னார். அந்தப் பக்கம் காளீஸ்வரி மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, கடற்கரை ஈரமணலை மீன் கூடையில் அள்ளிக்கொண்டு ஓடிவருவது மேலிருந்து எனக்குத் தெரிந்தது. அவரைப் பார்த்து அவர் ஆட்கள் ஓடிவந்தார்கள். முருகேசன் கொட்டகைக்குள் நுழைந்து வெறுங்கையால் வலையை இழுத்தார். அப்புறம் யார் எந்தத் தெரு என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. இன்ஜின் தப்பியது. வலைகள் பெரும்பாலும் போய்விட்டன. கொட்டகை இருந்த இடத்தில் நாலு கம்பம் மட்டும் நின்றது.

நெருப்பு அணைந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்று ஒன்றையொன்று பார்த்தது. முருகேசனை வெட்டப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு எழுந்தது. சற்று நேரத்தில் முருகேசனைக் காணவில்லை.

மறுநாள் காலையில் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். இளைஞர், பொறுமைசாலி. லாத்தா கொடுத்த இஞ்சி டீயைக் குடித்துக்கொண்டே புகார் உண்டா என்று கேட்டார்.

“உண்டு சார். வேணும்னே வந்து கொளுத்திருக்காங்க. காளீஸ்வரி சொல்லித்தான் நடந்திருக்கு” என்றார் சிக்கந்தர்.

லாத்தா என் பக்கம் திரும்பினார். “ஃபரீதா, நீ மாடியிலதானே நின்ன? என்ன பாத்த?”

கூடம் முழுக்க ஆட்கள். நான் அந்த வீட்டுச் சோற்றைத் தின்பவள். எரிந்தது அந்த வீட்டுக் கொட்டகை. வாய் திறக்காமல் இருந்தால் ஒருவரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள்.

“போத்தல நட்டு வெச்சித்தான் பத்தவெச்சார். ஆடிக்கொண்டு வந்த ஒரு ஆள்ட கால் பட்டுது. போத்தல் சரிஞ்சிது. அவர் பிடிக்கத்தான் பாய்ஞ்சார். யாரும் வேணுமெண்டு செய்யல்ல.”

“போத்தலா?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“பாட்டில்” என்று லாத்தா விளக்கினார்.

சிக்கந்தர் எழுந்துவிட்டார். “நீங்க நாலு நாள்ல பிளேன் ஏறிப் போயிருவீங்க. இங்கன கெடந்து சாகப்போறது நாங்க” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்குக் கண் நிறைந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வலை போனவர் அவர்தான்.

“நாளைக்குச் சொல்றேன் தம்பி” என்று லாத்தா சப்-இன்ஸ்பெக்டரை அனுப்பினார். பிறகு என்னிடம், “பர்தாவப் போடு, ராமேஸ்வரம் போயிட்டு வருவோம்” என்றார்.

எனக்கு ஊர் சுற்றிக்காட்டக் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். இரண்டு பக்கமும் கடல், கீழே பொம்மைகள் போலப் படகுகள், பக்கத்தில் பழைய ரயில் பாலம். காற்று என் முக்காட்டைப் பிடுங்கியது. தெற்கே கை நீட்டி, “உன் ஊரு அங்கன” என்றார் லாத்தா. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, “முருகேசன் ராமேஸ்வரத்துல ஒரு சங்குக் கடையில இருக்கானாம். அவன் பொண்டாட்டியோட அண்ணன் கடை. ஒளிஞ்சிருந்தா அதுவே குத்தமா ஆயிரும். கூட்டிட்டு வந்துருவோம்” என்றார்.

இராமேஸ்வரத்தில் ஈரத் துணியோடு போகும் யாத்திரிகர்களுக்கு நடுவே நாங்கள் இரண்டு கறுப்புப் பர்தாக்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சங்குக் கடையில் ஒரு வடநாட்டுக் கணவனும் மனைவியும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் அவர்கள் பாஷையிலேயே பதில் சொன்னார். வடநாட்டு யாத்திரிகர்கள் பேசக் கேட்டுப் பழகிய லாத்தா எனக்கு மொழிபெயர்த்தார்: “இந்தச் சங்க ஊதுனா வீட்டுல சண்டை வராதான்னு அந்தம்மா கேக்குது. அதுக்கு வேற கடை பாருங்கன்னு சொல்றான்.”

முருகேசன் உள்ளே சிப்பி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். லாத்தாவைப் பார்த்ததும் எழுந்தவர், வாசலில் வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார்.

“நாங்க ரெண்டு பேருதான். கையக் காட்டு” என்றார் லாத்தா.

வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஏதோ பச்சிலையை அரைத்துப் பூசியிருந்தார்.

“நான் வேணும்னு செய்யலக்கா.”

“தெரியும். இவ மாடியில நின்னு பாத்துருக்கா. போலீஸ்கிட்டயும் சொல்லிட்டா.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “எங்கப்பா செத்தப்பவும் யாரும் வேணும்னு செய்யலன்னுதான் சொன்னாங்க” என்றார்.

லாத்தா ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். “ஆமா. பாத்தவங்க இருந்தாங்க. எங்க தெருவுலயே இருந்தாங்க. எங்கத்தாகூட அங்கனதான் நின்னுருக்காக. ஒருத்தரும் வாயத் தெறக்கல” என்றார். அத்தா என்று அவர் சொன்னது தன் வாப்பாவை. மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. “நாளான்னிக்கு ஒங்கக்கா பதவி ஏக்குறா. நீ அங்கன இருக்கணும். எந்திரி.”

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கைக்குக் கட்டுப் போட்டோம். திரும்பும்போது சுற்றுலாக்காரர்கள் பாம்பன் பாலத்தில் கார்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் பஸ் நகரவில்லை. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். லாத்தா பையிலிருந்து பனங்கிழங்கை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் வாங்கியது, அவித்த சூடு இன்னும் இருந்தது. கட்டுப் போட்ட கையால் முருகேசனால் உரிக்க முடியவில்லை. லாத்தா அவருக்கும் உரித்து, நார் நாராக இழுத்துப் போட்டுவிட்டுக் கொடுத்தார். மூன்று பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு தின்றோம். எங்கள் ஊரில் இதை மாவாக்கித்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை என்று அப்போது தோன்றியது.

ஊர் நிறுத்தத்தில் மூன்று பேரும் சேர்ந்து இறங்கினோம். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். லாத்தா முருகேசனை அவர் வீட்டு வாசல்வரை நடத்திக்கொண்டு போனார். காளீஸ்வரி வெளியே வந்தார். தம்பியின் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் காளீஸ்வரி, “டீ குடிக்கிறீகளாக்கா?” என்று கேட்டார். குடித்தோம்.

அன்று சாயங்காலமே லாத்தா சப்-இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து புகார் இல்லை என்று சொன்னார். சிக்கந்தர் பக்கத்தில்தான் இருந்தார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. என்னோடும் பேசவில்லை.

பதவியேற்பு நாள் விடியும்போது வாசலில் சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். காளீஸ்வரி தெரு ஆண்கள் புதுக் கீற்றுக்கட்டுகளை இறக்கிக் கொட்டகைக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். சிக்கந்தர் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. மேலே இருந்தவர் கயிறு கேட்டபோது மட்டும் கீழே கிடந்த கயிற்றை எடுத்து நீட்டினார்.

ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும். லாத்தா முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். இரண்டு தெருவும் வந்திருந்தன. எங்கள் தெருவில் பாதிப் பேர் பின்னால் நின்றுகொண்டே பார்த்தார்கள். சிக்கந்தர் வரவில்லை. அதிகாரி உறுதிமொழியைச் சொல்லச் சொல்ல, காளீஸ்வரி ஒலிபெருக்கியில் திருப்பிச் சொன்னார். அரசியல் சட்டம் என்ற இடத்தில் அவருக்குச் சொல் தவறியது. நின்று, தண்ணீர் குடித்துவிட்டு, அந்த வரியை முதலிலிருந்து மறுபடி சொன்னார். முருகேசன் கட்டுப் போட்ட கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார்.

முடிந்ததும் காளீஸ்வரி நேரே லாத்தாவிடம் வந்து காலைத் தொடக் குனிந்தார். லாத்தா அவரைப் பாதியிலேயே தூக்கிவிட்டார். “அதெல்லாம் வேணாம். உள்ள போயி அந்த நாற்காலியில உக்காரு. எல்லாரும் பாக்கணும்” என்றார். காளீஸ்வரி போய் உட்கார்ந்தார். யாரோ கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த ஊரில் எனக்கு ஓட்டு இல்லை, நாட்டிலேயே இல்லை. ஆனாலும் கை வலிக்கத் தட்டினேன். ஒரு நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து இன்னொருவர் உட்காருவது இத்தனை சின்ன விஷயமாக இருக்க முடியும் என்று நான் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஊரைவிட்டுப் புறப்படும் காலையில் சிக்கந்தர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தார். வழியில், “கல்யாணத்துக்கு மதினியோட நானும் வாரேன்” என்றார். அது போதுமாக இருந்தது.

நிறுத்தம் ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே. என்னை வழியனுப்ப வரவேண்டிய லாத்தா அங்கே காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். உள்ளே காளீஸ்வரி.

“மூணு நாளா எங்க தெருவுக்குத் தண்ணி வரல. பிரசிடெண்டுன்னு எதுக்கு உக்காந்திருக்க?”

“மோட்டார் காயில் போச்சுக்கா. மதியத்துக்குள்ள வந்துரும்.”

“நேத்தும் இதத்தான் சொன்ன.”

“நீங்க இருந்தப்ப எங்க தெருவுக்கு ஒரு வாரம் வரல, ஞாபகம் இருக்கா?”

“அப்ப நீ வந்து கத்துனல்ல? இப்ப நான் கத்துறேன்.”

டீக்கடையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேப்பர் படித்தவர் பேப்பரைப் படித்தார். லாத்தா என்னைப் பார்த்து, ஏறு ஏறு என்று கையைக் காட்டிவிட்டு, மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு நான் பஸ்ஸில் ஏறினேன்.